அக்கரைக்கு எட்டும் குரல்

கஞ்சிக்கு எவ்வளவு உப்புப் போடவேண்டும் என்பது அடைக்கலநாதனுக்குத் தெரியாது. ஐம்பத்தாறு வயதுவரை அது அவன் அறியவேண்டிய ஒன்றாக இருந்ததில்லை. கடலின் உப்பைப் பற்றி அவன் அறியாதது குறைவு. மாரி மழையில் வாய்க்கால்களெல்லாம் கடல்நீரேரிக்குள் இறங்கும் நாள்களில், கையால் அள்ளிய தண்ணீரில் ஒரு துளியை நாக்கில் வைத்துவிட்டு, நண்டு எந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கும் என்று சொல்லிவிடுவான். ஆனால் அடுப்பில் கொதிக்கும் பச்சையரிசிக் கஞ்சியின் முன்னால், உப்புப் பேணியைக் கையில் வைத்துக்கொண்டு, ஆறாவது நாளாக அவன் தடுமாறி நின்றான்.

“இஞ்சேரும், உப்புக் காணுமே?”

சிசிலியா ஒரு கரண்டி கஞ்சியை ஆறவைத்துக் குடித்துவிட்டுத் தலையை ஆட்டினாள். காணும், அதாவது போதும், என்பது அதன் பொருள். ஆறு நாள்களாக அதே கேள்வி, அதே தலையாட்டல்.

குருநகர் மீன்சந்தையில் இருபத்திரண்டு ஆண்டுகளாக அவளுக்கு ஓர் இடம் உண்டு. கல்மேடையின் கிழக்கு மூலை. அங்கே அமர்ந்து, மீன்வெட்டும் கத்தியைக் காலால் அழுத்திக்கொண்டு, “ஓரா, ஓரா, விடியக்காலத்து ஓரா! செவுளைப் பார், கண்ணைப் பார்!” என்று அவள் தொடங்கினால், வாசலில் சைக்கிளை நிறுத்திக்கொண்டிருப்பவனும் திரும்பிப் பார்ப்பான். மாசி மாதம் அந்தக் குரலில் ஒரு கரகரப்பு விழுந்தது. சளித் தடிமன் என்று மல்லித்தண்ணீர் குடித்தாள். பங்குனியில் கரகரப்புத் தடித்தது. ஆடியில் ஒரு நாள் குரலே வராமற்போக, மகள் றஜனி அவளைப் பெரியாஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். குரல்நாணில் சிறிய சதை வளர்ந்திருப்பதாகவும், கெட்ட வளர்ச்சி அல்ல என்றும், வெட்டி எடுக்கலாம் என்றும் டொக்ரர் சொன்னார். குரல் திரும்பும், ஆனால் பழைய குரல் முழுதாகத் திரும்புமென்று தன்னால் உறுதி தர முடியாது என்றும் அவரே சொன்னார்.

திங்கட்கிழமை ஒப்பரேசன். செவ்வாய்க்கிழமை வீடு. ஐந்து நாள்களுக்கு ஒரு சொல்லும் பேசக்கூடாது, குசுகுசுப்பும் கூடாது. அதற்குப் பிறகு மெதுவாகப் பேசிப் பார்க்கலாம். வருகிற புதன்கிழமை கிளினிக்.

ஐந்து நாள்களும் சனிக்கிழமையுடன் முடிந்திருந்தன. இன்று ஞாயிறு. விடியற்காலைப் பூசைக்குப் போய்வந்த சிசிலியா இன்னும் வாயைத் திறக்கவில்லை.

“டொக்ரர் சொன்ன நாள் நேற்றோடை முடிஞ்சுதெல்லே?” என்றான் அடைக்கலநாதன். “ஒருக்கால் எதையாவது சொல்லிப் பாருமன். என்ரை பேரைச் சொல்ல வேண்டாம். பூனையைக் கூப்பிடும்.”

அவள் இடுப்பிலிருந்த கொப்பியை எடுத்தாள். நூலில் கட்டிய பென்சிலால் ‘பொறுங்கோ’ என்று எழுதிக் காட்டினாள்.

“எதுக்குப் பொறுக்கிறது? நோகுதோ?”

இல்லை என்று தலை அசைந்தது.

“அப்ப... வருகுதில்லையோ?”

இதற்குத் தலை எந்தப் பக்கமும் அசையவில்லை. ஒரு கணம் அவனையே பார்த்தாள். பிறகு கோப்பையைக் கழுவ எழுந்து போனாள். அந்த ஒரு கணத்தை அடைக்கலநாதன் பதிலாக எடுத்துக்கொண்டான்.

அவன் அறியாதது ஒன்று இருந்தது. ஒப்பரேசனுக்கு முதல்நாள் சிசிலியா தனியாகப் பாசையூர் அந்தோனியார் கோயிலுக்குப் போயிருந்தாள். குரல் திரும்பினால், அதிலிருந்து வரும் முதற்சொல் அந்தோனியாருக்குரிய செவ்வாய்க்கிழமையில், அவர் முன்னிலையில், செபமாகவே வரும் என்று நேர்ந்துகொண்டாள். நேர்த்தியை நிறைவேற்றுமுன் வெளியே சொல்லக்கூடாது. அவளுடைய தாய்வழியில் அது மீறக்கூடாத வழக்கம். ஆகவே கொப்பியில் ‘பொறுங்கோ’ என்பதற்கு மேல் எழுத அவளுக்கு எதுவும் இல்லை. அவள் கணக்கிடத் தவறியது ஒன்றுதான்: டொக்ரரின் ஐந்து நாளுக்கும் அந்தோனியாரின் செவ்வாய்க்கும் இடையில் இரண்டு முழு நாள்கள் கிடந்தன.

குரல் இருக்கிறதா என்பது அவளுக்கும் தெரியாது. கிணற்றடியில், யாரும் இல்லாத வேளையில், தொண்டையை ஒருமுறை கனைத்துப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. நேர்த்தி அவளுக்கு ஒரு கதவாகவும் இருந்தது. அது மூடியிருக்கும்வரை, உள்ளே இருப்பது குரலா வெறுமையா என்று எட்டிப் பார்க்கவேண்டியதில்லை.

*

ஒன்பது மணிக்கு வெயில் வீட்டு வாசல் ஒழுங்கைக்குள் இறங்கிவிட்டது. தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று இரண்டு நாளாகத் தணிந்திருந்ததால், கடற்கரையின் நாற்றம் நகராமல் பூவரச மரத்தடியிலேயே நின்றது. அடைக்கலநாதனும் றஜனியும் நண்டு வலையை விரித்து, கண்ணிகளில் சிக்கிய கடற்புல்லையும் முறிந்த நண்டுக் கால்களையும் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டிருந்தார்கள். அவசரப்பட்டால் நூல் அறும். றஜனி தையற்கடையில் வேலைசெய்கிறவள். விரல்களுக்கு அந்தப் பொறுமை உண்டு. தகப்பனின் விரல்கள் இன்று இரண்டு கண்ணிகளை அறுத்துவிட்டன.

சந்தையில் சிசிலியாவின் பக்கத்து மேடைக்காரியான லூர்த்தம்மா, தலையில் துவாயைப் போட்டுக்கொண்டு வந்து குந்தினாள்.

“சந்தை செத்தவீடு மாதிரிக் கிடக்கு அண்ணை. ஆறு நாளா எனக்குச் சண்டைபிடிக்க ஒரு ஆளில்லை. நேற்று ஒரு மனிசன் என்ரை பாரையைப் பழசு எண்டிட்டுப் போறான். நான் பேசாமல் இருந்திட்டன். அவள் இருந்திருந்தால் அவன் அதை வாங்கிக்கொண்டெல்லே போயிருப்பான்.”

“மெல்லக் கதை,” என்றான் அடைக்கலநாதன். “லூர்த்து, பூசையிலை நீ அவளுக்குப் பக்கத்திலைதானே நிண்டனீ?”

“ஓம்.”

“வாய் திறந்தவளோ?”

லூர்த்தம்மா துவாயை இழுத்து முகத்தைத் துடைத்தாள். “பரலோக மந்திரத்துக்கும் திறக்கேல்லை. பாட்டுக்கும் இல்லை. பூசை வைச்ச சுவாமியே ஒருக்கால் இஞ்சாலை திரும்பிப் பாத்தவர், என்னடா இண்டைக்குப் பாட்டு மெலிஞ்சு போச்செண்டு.”

“டொக்ரருக்குப் போன் எடுப்பமோ அப்பா?” என்றாள் றஜனி.

“ஞாயிற்றுக்கிழமையிலை ஆர் எடுப்பினம்? எடுத்துத்தான் என்ன சொல்லுறது? மனிசி பேசுறாளில்லை எண்டோ? உலகத்திலை எந்த மனிசன் உப்பிடி ஒரு முறைப்பாட்டோடை ஆஸ்பத்திரிக்குப் போனவன்?”

லூர்த்தம்மா சிரித்துவிட்டாள். அவன் சிரிக்கவில்லை. கையிலிருந்த நண்டுக்காலை உருட்டிக்கொண்டே சொன்னான்:

“கலியாணம் கட்டின நாளிலையிருந்து சொன்னனான், கொஞ்சம் வாயை மூடும், கொஞ்சம் வாயை மூடும் எண்டு. ஒருநாளெண்டாலும் கேட்டிருந்தால், இப்ப இந்த அமைதி எனக்குப் பழகியிருக்கும்.”

றஜனி வலைக்குள் தலையைக் குனிந்துகொண்டாள். சமையலறை யன்னலுக்கு உள்ளே, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த சிசிலியாவுக்கு இது கேட்டது. அவளுடைய கண்களில் நீர் நின்றதற்கு வெங்காயம் மட்டும் காரணமா என்று கேட்க அங்கே எவரும் இருக்கவில்லை.

*

அன்று மாலை சனசமூக நிலைய மண்டபத்தில் படம்.

‘போராட்டமும் நம்பிக்கையும்: உலகத் திரைப்பட வரிசை’ என்று துண்டுப்பிரசுரம் அடித்துக்கொண்டு, ஜெயசுதன் மானிப்பாயிலிருந்து முதன்முதலாக அங்கே வந்தது போன ஆண்டு. பாடசாலையில் நாடகமும் அரங்கியலும் கற்பிக்கும் ஆசிரியன். தொழிலாளரின் வாழ்வைச் சொல்லும் திரைப்படங்கள் தொழிலாளரிடமே போகவேண்டும் என்று உண்மையாக நம்புகிறவன். முதற்படத்துக்கு ஐம்பது பேர் வந்தார்கள். சுரங்கத் தொழிலாளரைப் பற்றிய படம். மொழி எவருக்கும் தெரியாது. கீழே தமிழில் எழுத்து ஓடியது, அவனே இரவிரவாக மொழிபெயர்த்தது. அரைமணி நேரத்தில் இருபது பேர் எழுந்து போய்விட்டார்கள்.

“தம்பி, இது படம் பாக்கிறதோ, புத்தகம் வாசிக்கிறதோ?” என்று லூர்த்தம்மா அன்று கேட்டாள். “நான் எழுத்தைக் கூட்டி முடிக்க முன்னம் அவன் சுரங்கத்துக்குள்ளை செத்துப் போறான். ஏன் செத்தவன் எண்டும் தெரியேல்லை.”

பக்கத்தில் இருந்த சிசிலியா, அவளுக்காக எழுத்தை வாசிக்கத் தொடங்கினாள். முதலில் காதுக்குள். பிறகு பின்வரிசை கேட்டுக்கொண்டதற்காகச் சற்று உரக்க. பத்து நிமிடத்தில் மண்டபம் முழுவதும் அவளையே கேட்டுக்கொண்டிருந்தது. வாசித்தவள் வாசித்தபடி நிற்கவில்லை. ‘நாம் உரிமையைக் கோருகிறோம்’ என்று திரையில் ஓடியதை, “தாறியோ இல்லையோ, ரெண்டிலை ஒண்டைச் சொல்லு” என்று சொன்னாள். மண்டபம் கைதட்டியது. ஜெயசுதனின் முகம் சுருங்கியதை முன்வரிசை கண்டது. அடுத்த மாதம் அவனே இரண்டு மைக்குகளைக் கொண்டுவந்ததையும் கண்டது. அன்றுமுதல் படத்தின் சத்தத்தைத் தணித்துவிட்டு, திரைக்குப் பக்கத்தில் மூன்று பேர் இருந்து குரல்கொடுப்பது வழக்கமாயிற்று: சிசிலியா, லூர்த்தம்மா, கிழிந்த வலைகளைப் பொத்தும் யாகோப்பர். பாலைவனத்தில் கிணறு தோண்டிய சகோதரரும், துறைமுக நகரொன்றின் சலவைத் தொழிற்சாலைப் பெண்களும் குருநகர்த் தமிழில் பேசிச் சண்டையிட்டுச் சமாதானமானார்கள்.

இந்த மாதப் படம் பனிமலை நாடொன்றிலிருந்து வந்தது. ஆடு மேய்க்கும் விதவை ஒருத்தி, காய்ச்சலில் கிடக்கும் மகளை முதுகில் கட்டிக்கொண்டு நான்கு நாள் நடக்கிறாள். ஆஸ்பத்திரி ஆற்றுக்கு அக்கரையில். அவள் கரைக்கு வரும்போது, ஆறு உறைவதற்கு முந்திய கடைசிப் படகு புறப்பட்டுவிட்டது. படகுக்காரன் முதுகைக் காட்டியபடி துடுப்பு வலிக்கிறான். அவள் கூப்பிடுகிறாள். அவன் திரும்பிப் பார்க்கிறான். அவ்வளவில் படம் முடிந்துவிடும்.

ஆடியில் ஒத்திகை பார்த்தபோதே அந்த முடிவு பெரிய வழக்காகிவிட்டது.

“பிறகு?” என்றாள் லூர்த்தம்மா.

“பிறகு இல்லை அக்கா. அதுதான் முடிவு. பார்ப்பவரிடம் விட்டுவிடுகிறார்கள்,” என்றான் ஜெயசுதன்.

“எங்களிட்டை விட நாங்கள் என்ன அவளின்ரை சொந்தக்காரரே? ஏத்தினவனோ இல்லையோ? காசு வாங்கிக்கொண்டு படத்தை எடுத்துப்போட்டு, முடிவை நாங்கள் போய்ச் செய்யவேணுமோ?”

“திரும்பிப் பாத்தவன் விட்டிட்டுப் போகான்,” என்றாள் சிசிலியா. அப்போதே அவளுடைய குரல் பாதி கிழிந்திருந்தது. “கடல் தொழில் செய்யிறவன் அப்பிடித்தான். விட்டிட்டுப் போறதெண்டால் திரும்பியே பாக்கமாட்டான். அதில்லை எனக்குப் பிரச்சினை. மாஸ்ரர், கூப்பிடுற இடத்திலை என்ன எழுதி வைச்சிருக்கிறீர்?”

“‘சற்றுத் தாமதியுங்கள்.’”

யாகோப்பர் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார்.

சிசிலியா ஜெயசுதனை இறங்குதுறைக்கு அழைத்துப் போனாள். நூறு கஜம் தள்ளி, யாகோப்பரைத் தோணியில் முதுகைக் காட்டி இருத்தினார்கள். “இப்ப கூப்பிடும்,” என்றாள். ஜெயசுதன் தொண்டை நரம்பு புடைக்க, “தாமதியுங்கள்!” என்று கத்தினான். காற்று அதை எடுத்துக்கொண்டு போயிற்று. யாகோப்பர் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். “நில்லுங்கோ!” என்றும் கத்தினான். பீடி புகைந்தது.

“தண்ணிக்கு மேலாலை போற சொல்லு வேறை,” என்றாள் அவள். “கருத்து ஒண்டும் தேவையில்லை. கடைசியிலை இழுக்கிறதுக்கு இடம் இருக்கவேணும். ‘நில்லு’ எண்டு முடிஞ்சால் அலை திண்டிடும்.”

கைகளை வாய்க்கு இருபுறமும் குவித்து, கடலைப் பார்த்து அவள் கூப்பிட்டாள்:

“அண்ணோ...ய்!”

யாகோப்பர் திடுக்கிட்டுத் திரும்பினார். அக்கரையில் கொக்குகள் எழுந்தன. ஜெயசுதன் தன் தாளில் ‘தாமதியுங்கள்’ என்பதை வெட்டிவிட்டு மற்றதை எழுதினான்.

அந்தக் கூப்பாட்டுடன்தான் அன்று அவளுடைய குரல் நின்றுபோயிற்று. பிறகு ஒப்பரேசன்வரை வந்ததெல்லாம் கரகரத்த பாதிக் குரல்தான். ஊர்க் கோயிலின் யாகப்பர் திருநாளும் நெருங்கியதால் படம் ஆவணிக்குத் தள்ளிப்போனது. அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

*

இன்று அவளுடைய இடத்தில் றஜனி.

ஐந்து மணிக்கு, யன்னல்களைப் படங்குகளால் மூடிய மண்டபத்துக்குள் கடைசி ஒத்திகை நடந்தது. றஜனிக்கு எல்லாம் சரியாக வந்தது, அந்த ஒரு சொல்லைத் தவிர. வாயைத் திறந்தாள், அது கிணற்றுக்குள் விழுந்த வாளிபோல உள்ளுக்குள்ளேயே போயிற்று.

“என்ரை வாயிலை உது வருகுதில்லை சேர். அது அம்மான்ரை.”

“அந்த இடத்தில் மட்டும் படத்தின் குரலையே உயர்த்திவிடுவோமா?” என்றான் ஜெயசுதன்.

“அவளின்ரை பாசையிலை கூப்பிட்டால் எனக்கென்னெண்டு விளங்கும்?” என்றார் யாகோப்பர். “நானெல்லே படகுக்காரன். நான் திரும்பவேணுமெல்லே?”

“அப்பு, நீங்கள் திரும்பத் தேவையில்லை. திரையிலை இருக்கிறவர் திரும்புவார். உங்களுக்கு அந்த இடத்திலை வசனமும் இல்லை,” என்றாள் றஜனி.

“வசனம் இல்லாட்டிலும் எனக்கு ஒரு மரியாதை இருக்கு.”

ஆறு மணிக்கு மண்டபம் நிறைந்துவிட்டது. மின்விசிறிகள் வெக்கையைக் கிளறிக்கொண்டிருந்தன. சுவரோரம் லூர்த்தம்மாவின் கடலைச் சட்டி மூடியபடி இருந்தது. படம் முடியாமல் தரமாட்டாள். சிசிலியா மூன்றாம் வரிசையில், நடைபாதையோரம் இருந்தாள். அவளைக் கண்டவர்களெல்லாம் வந்து தொண்டையைத் தொட்டுக்காட்டி, சைகையில் நலம் கேட்டார்கள். செவிடு என்று நினைத்தார்களோ என்னவோ, எவரும் வாயால் கேட்கவில்லை. அடைக்கலநாதன் பக்கத்தில் இருந்து ஒவ்வொருவருக்கும், “பரவாயில்லை, பரவாயில்லை” என்று சொல்லிக்கொண்டிருந்தான். சொல்லச்சொல்ல அந்தச் சொல் அவன் வாயில் மெலிந்துபோனது.

படம் தொடங்கியது. வெள்ளை மலை. வெள்ளை வானம். வியர்வையில் தோய்ந்த மண்டபம் அந்தக் குளிரை வாய்பிளந்து பார்த்தது. ஆறு வயதுப் பிள்ளையின் குரலில் லூர்த்தம்மா, “அம்மா, கால் விறைக்குது” என்றபோது முதலில் எல்லோரும் சிரித்தார்கள். மூன்றாவது தடவை எவரும் சிரிக்கவில்லை.

“இன்னும் கொஞ்சத்தூரம், என்ரை குஞ்சு,” என்றாள் றஜனி.

“நேற்றும் அப்பிடித்தானே சொன்னனீங்கள்?”

“நேற்றுச் சொன்னது நேற்றைய கொஞ்சம். இது இண்டையான் கொஞ்சம்.”

மூன்றாம் வரிசையில் சிசிலியாவின் உதடுகள் மகளின் வசனங்களுடன் ஓசையின்றி அசைந்துகொண்டிருந்தன. அடைக்கலநாதன் திரையைப் பார்க்கவில்லை. அந்த உதடுகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். எல்லாம் இருக்கின்றன, காற்று ஒன்றுதான் இல்லை என்று அவனுக்குத் தோன்றியது.

கடைசியில் ஆறு வந்தது. சாம்பல் நிறத் தண்ணீர், ஓரங்களில் பனிக்கட்டி. படகு நடுவாற்றை நெருங்கிக்கொண்டிருந்தது. படகுக்காரனின் முதுகு. பெண் சறுக்கிச் சறுக்கிக் கரைக்கு ஓடிவந்தாள். முதுகில் பிள்ளையின் தலை சாய்ந்து ஆடியது. அவள் நின்றாள். மூச்சை இழுத்தாள். வாயைத் திறந்தாள்.

மைக்கில் ஓசை வரவில்லை.

றஜனி மைக்கை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். திரையில் வாய் திறந்து, குரலின்றி நிற்கும் பெண்ணை அவள் நிமிர்ந்து பார்த்தபோது, ஆறு நாளாக வீட்டில் கண்ட தாயின் முகம் அங்கே நின்றது. அழுகையின் ஒரு துணுக்குத்தான் மைக்கில் விழுந்தது. படகு தூரப் போய்க்கொண்டிருந்தது. துடுப்பு ஒருமுறை விழுந்து எழுந்தது. அடுத்த வலிப்புடன் படகுக்காரன் திரும்பிப் பார்ப்பான். எவரும் கூப்பிடாமலே திரும்பிப் பார்ப்பான்.

“அண்ணோ...ய்!”

அது மைக்கிலிருந்து வரவில்லை. மூன்றாம் வரிசையிலிருந்து வந்தது. தொடக்கத்தில் ஒரு கீறல் இருந்தது. அதைத் தாண்டியதும் குரல் அகன்று, மண்டபத்தின் பின்சுவர்வரை போய் அடித்தது. கைகளை வாயருகே குவித்தபடி சிசிலியா எழுந்து நின்றாள்.

திரையில் படகுக்காரன் திரும்பினான்.

படம் அங்கே முடியவேண்டியது. ஆனால் யாகோப்பர் தன் மைக்கை இழுத்து, தாளில் இல்லாத பதிலைச் சொன்னார்:

“ஓம் பிள்ளை, நில்! வாறன், வாறன்!”

திரை இருண்டது. அதற்குப் பிறகு நடந்ததை ஒழுங்காகச் சொல்வது கடினம். கைதட்டியவர்களில் பாதிப்பேர் படத்துக்குத் தட்டினார்கள், பாதிப்பேர் சிசிலியாவுக்கு. பின்வரிசையில் எவரோ, “ஏத்திப்போட்டான்! ஏத்திப்போட்டான்!” என்று கத்தினார். ஜெயசுதன் யாகோப்பரைப் பார்த்தபடி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். அடைக்கலநாதன் எழுந்த வேகத்தில் கதிரை பின்னால் விழுந்தது.

“நீரே? இஞ்சேரும், நீரே கூப்பிட்டது?”

சிசிலியா இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். கண்கள் விரிந்திருந்தன. அதை மகிழ்ச்சி என்று மண்டபம் கண்டது. அது பாதிதான் மகிழ்ச்சி. மற்றப் பாதி அந்தோனியாரைப் பற்றிய திகில்.

“இன்னொருக்கால் சொல்லடி,” என்று லூர்த்தம்மா திரைப்பக்கமிருந்து ஓடிவந்தாள். “என்னைப் பேசு. ஆறு நாள் பேச்சையும் சேர்த்துப் பேசு!”

சிசிலியா மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

“கத்திக் குரலை உடைச்சுப்போட்டியளோ அம்மா?” றஜனியின் முகம் மீண்டும் வெளிறியது. தாய் அவளுடைய கன்னத்தைத் தடவி, இல்லை என்று காட்டி, வாசலைக் காட்டினாள். வீட்டுக்குப் போவோம்.

*

வீட்டு விறாந்தையில் மின்குமிழின் கீழ் மூவரும் இருந்தார்கள். ஏழரை மணி இருக்கும். சிசிலியா கொப்பியை எடுத்து மடியில் வைத்தாள். இதற்குமேல் மறைத்தால் இந்த மனிதன் நித்திரைகொள்ளமாட்டான். அந்த வாரத்திலேயே மிக நீளமானதை அவள் எழுதினாள்:

‘செவ்வாய்க்கிழமை அந்தோனியாருக்கு நேர்த்தி. முதல் கதை அவரோடை. அதுதான் கதைக்கேல்லை.’

அடைக்கலநாதன் வாசித்தான். மகளிடம் கொடுத்தான். திரும்ப வாங்கி மறுபடியும் வாசித்தான்.

“அப்ப காலமையும் குரல் இருந்ததோ?”

தெரியாது என்று கையை விரித்தாள்.

“நான் இஞ்சை செத்துச் செத்துப் பிழைச்சன். நீர் அந்தோனியாரோடை ஒப்பந்தம் போட்டிட்டு இருந்தனீரோ?”

“அம்மா,” என்றாள் றஜனி, “நேர்த்தியை முடிக்கமுன்னம் வெளியிலை சொல்லக்கூடாதெல்லே?”

பென்சில் ஓடியது. ‘சொல்லேல்லை. எழுதினனான்.’

றஜனி சிரித்தாள். காலையிலிருந்து அடக்கிவைத்த அழுகையெல்லாம் அந்தச் சிரிப்புடன் சேர்ந்து வந்ததால், சிறிதுநேரம் எது எதுவென்று பிரிக்கமுடியாமல் இருந்தது.

“சரி,” என்றான் அடைக்கலநாதன். நண்டு வலையில் ஓட்டையைக் கண்டவனைப்போலக் குனிந்தான். “அப்ப நேர்த்தி முறிஞ்சு போச்செல்லே? முதல் கதை மண்டபத்திலையெல்லே வந்திட்டுது?”

சிசிலியா பென்சில் நுனியை நாக்கில் தொட்டாள். வெளியே எவரோ சைக்கிளில் “அண்ணோய்!” என்று கூவிக்கொண்டு போனார். அவள் நிதானமாக எழுதினாள். எழுதியதை ஒருமுறை தானே வாசித்துத் திருப்திப்பட்டுக்கொண்டு நீட்டினாள்.

‘அது நான் இல்லை. பிள்ளையைக் கட்டிக்கொண்டு ஆத்தங்கரையிலை நிண்ட மனிசி.’

அடைக்கலநாதன் அதை மின்குமிழுக்கு அருகே பிடித்து வாசித்தான்.

“அப்ப அந்த மனிசியின்ரை தொண்டைக்கு ஒரு குறையுமில்லை எண்டு சொல்லுறீர்?”

ஓம் என்று தலை அசைந்தது.

அவன் எழுந்து போய், அடுப்பைப் பற்றவைத்து, கஞ்சிக்கு அரிசி அளந்தான்.

செவ்வாய்க்கிழமை காலை, பாசையூர்க் கோயில் வாசலில் சைக்கிளைப் பிடித்தபடி அவன் நின்றான். உள்ளே வரவேண்டாம் என்று அவள் கையால் தடுத்திருந்தாள். அன்று காற்று மறுபடியும் எழுந்திருந்தது. மணல் கணுக்காலில் அடித்தது. மெழுகுதிரி வாங்கியவர்கள் உள்ளே போவதும் வருவதுமாக இருந்தார்கள். கால்மணி நேரம். அரைமணி நேரம். அந்தோனியாருக்கு அவள் என்ன சொன்னாள் என்பது அவனுக்கு ஒருபோதும் தெரியவரவில்லை.

வெளியே வந்தவள் செருப்பைப் போட்டாள். முக்காட்டை எடுத்து மடித்தாள். குரல் தாழ்வாக, சற்றுப் புதிதாக, ஓரத்தில் கொஞ்சம் அரிந்தாற்போல் வந்தது.

“கஞ்சிக்கு உப்பு மெத்தக் கூட. எட்டு நாளா.”

அடைக்கலநாதன் சைக்கிளை நழுவவிடப் பார்த்தான். “ஒவ்வொரு நாளும் காணுமோ எண்டு கேட்டனானெல்லே? தலையை ஆட்டினீரே!”

“காணுமோ எண்டுதானே கேட்டனீங்கள்? காணும் எண்டு ஆட்டினனான். கூடவோ எண்டு ஆர் கேட்டது? அதோடை அரிசியும் வேகேல்லை. ரெண்டு வலைக்கண்ணியையும் அறுத்து வைச்சிருக்கிறியள், அதுவும் யன்னலாலை கண்டனான்.” அவள் சைக்கிளின் பின்னால் ஏறி அமர்ந்தாள். பிறகு டொக்ரரின் நினைவு வந்து தொண்டையைத் தொட்டுக்கொண்டாள். “காணும். மெல்ல மெல்லத்தான் கதைக்கச் சொன்னது.”

அவன் மிதிக்கத் தொடங்கினான். எதிர்க்காற்று. கடற்கரை வீதியில் வலைகள் காய்ந்துகொண்டிருந்தன.

“மெல்லவெண்டாலும் பரவாயில்லை,” என்றான், தலையைத் திருப்பாமல். “வீட்டை போகுமட்டும் சொல்லிக்கொண்டு வாரும்.”